விதையிலிருந்து சிறு இனிப்புக் குடைமிளகாய்: வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடைமிளகாயை வீட்டில் வளர்க்க முயன்று கைவிட்டவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். விதை முளைக்கவே இல்லை என்பது ஒன்று. செடி செழிப்பாக வளர்ந்தது, பூவும் பூத்தது, ஆனால் ஒன்றுகூடக் காயாகவில்லை என்பது மற்றொன்று. பழி மண்மீது விழும், உரத்தின்மீது விழும், விதை விற்றவர்மீதும் விழும். உண்மையில் இரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது வெப்பநிலை. இந்தச் செடி முளைக்கும்போது ஒரு சூட்டையும், நாற்றாக இருக்கும்போது வேறொன்றையும், பூக்கும்போது இன்னொன்றையும் கேட்கிறது. ஆகவே இந்த வேலைக்காக ஒரே ஒரு கருவிதான் வாங்குவேன் என்று சொல்பவரிடம், வெப்பமானியை வாங்குங்கள் என்பேன். மண்ணில் குத்தி அளக்கக்கூடியதாக இருந்தால் மேலும் நல்லது.

சிறிய வகையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்

மூன்று முதல் எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் பழுக்கும், அப்படியே கடித்துத் தின்னக்கூடிய சிறு குடைமிளகாய்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். ‘மினி பெல்’, ‘லஞ்ச்பாக்ஸ்’ போன்ற பெயர்களில் விதை கிடைக்கும். பெரிய குடைமிளகாயை முதன்முறை வளர்க்க நினைப்பவர்களை நான் எப்போதும் இந்தப் பக்கம் திருப்பிவிடுவேன். பெரிய காய் ஒன்று முழு அளவை எட்டி நிறம் மாறுவதற்குள் வெயில், புழு, அழுகல் என்று பல ஆபத்துகளைக் கடந்தாக வேண்டும். ஒரு செடியில் தேறுவது சில காய்கள்தான்; அதில் இரண்டு கெட்டாலே மனம் உடைந்துவிடும். சிறிய வகை விரைவாகப் பழுக்கிறது, டஜன் கணக்கில் காய்க்கிறது, தொட்டியிலும் சுருங்காமல் வளர்கிறது.

காரமிளகாயும் இனிப்புக் குடைமிளகாயும் ஒரே தாவர இனத்தின் வகைகள். காரத்தைத் தருவது கேப்சைசின் என்ற வேதிப்பொருள். இனிப்பு வகைகளில் அதை உருவாக்கும் மரபணு செயலிழந்து போயிருக்கிறது. அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் 1912-இல் உருவாக்கிய கார அளவுகோலில் இவற்றின் மதிப்பு சுழியம். இந்த மரபணு விஷயம் விதை சேமிக்கும்போது மறுபடியும் வந்து நிற்கும். இப்போதைக்கு நினைவில் வைத்தால் போதும்.

விதைப் பொட்டலத்தில் ‘எஃப்1’ என்று போட்டிருந்தால் அது கலப்பின விதை. செடிகள் ஒரே சீராக வளரும், நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆண்டுதோறும் சொந்த விதை எடுக்க விரும்பினால் கலப்பினமல்லாத வகையைத் தேடுங்கள். விலைக்கு வாங்கிய பழத்திலிருந்தே விதை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். முழுமையாகச் சிவந்த அல்லது மஞ்சளான காயாக இருக்க வேண்டும். பச்சைக் காயின் விதை பெரும்பாலும் முதிர்ந்திருக்காது. கடைக்கு வருபவற்றில் பல கலப்பினங்கள் என்பதால் எந்த வடிவத்தில் காய்க்கும் என்பது மட்டும் உறுதியில்லை.

விதை வாங்கும்போது பொட்டலத்தின் தேதியைப் பாருங்கள். குடைமிளகாய் விதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நன்றாக முளைக்கும். அதன் பிறகு முளைப்புத்திறன் குறைந்துகொண்டே போகும்.

எப்போது விதைப்பது

நாள் குறிப்பதில் குளிர்ப் பகுதிக்காரர்களும் வெப்பப் பகுதிக்காரர்களும் வெவ்வேறு முனையிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடங்களில் கணக்கு நடவிலிருந்து தொடங்குகிறது. இரவு வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாது என்று நம்பக்கூடிய வாரம் எது என்று பாருங்கள். அதிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் வரும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தால் பத்து வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வெப்பப் பகுதிகளில் நடவு எப்போது வேண்டுமானாலும் நடக்கும். இடிப்பது பூக்கும் பருவம்தான். இரவு வெப்பநிலை 24 டிகிரிக்கு மேல் நிற்கும் மாதங்களிலும், பகல் 32 டிகிரியைத் தாண்டும் மாதங்களிலும் பூக்கள் உதிரத் தொடங்கும். விதைத்ததிலிருந்து பூக்கும் வரை ஏறக்குறைய பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆகவே இரவுகள் இதமாக இருக்கும் மாதங்களில் பூ வரும்படி பின்னோக்கி எண்ணுங்கள். கோடையின் நடுவில் பூத்த செடியை எந்த உரமும் காப்பாற்றாது.

விதைக் கலவை

தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட வேண்டாம். அது இறுகிவிடும், நாற்றைக் கொல்லும் பூஞ்சைகளும் அதில் இருக்கும். தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, நன்றாகச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கிடைத்தால் கொஞ்சம் பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைப் பாறைத் துகள்) அல்லது கழுவிய ஆற்றுமணல். இவ்வளவு போதும். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கக்கூடும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். கலவையைக் கையில் பிடித்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது.

குழித்தட்டு இருந்தால் வசதி. இல்லையென்றால் அடியில் துளையிட்ட எந்தச் சிறு கிண்ணமும் ஆகும். பழைய தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காய வைத்துப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

விதைத்தல்

விதையை முதல் நாள் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்கலாம். கட்டாயமில்லை, ஆனால் பழைய விதைக்கு உதவும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், மூச்சு முட்டிவிடும். கலவையை முன்கூட்டியே ஈரமாக்கி, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழிக்கு இரண்டு விதைகள் போட்டு, மெல்ல மூடி, விரலால் லேசாக அழுத்துங்கள். ஆழம் அதிகமானால் முளை வெளியே வருவதற்குள் விதைக்குள் இருக்கும் உணவுச் சேமிப்பு தீர்ந்துபோகும். ஆழம் போதாவிட்டால் விதையோட்டை உரித்துவிட மண்ணின் உரசல் கிடைக்காது.

இனிதான் வெப்பமானிக்கு வேலை. குடைமிளகாய் விதைக்கு மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி வேண்டும். 28 டிகிரியில் ஏழு முதல் பத்து நாளில் முளை தலைகாட்டும். 20 டிகிரியில் அதே விதை மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளும். 15 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் முளைக்காது. ஈரத்தில் கிடந்து அழுகிப்போகும். 35 டிகிரியைத் தாண்டினாலும் முளைப்பு குறையும். அறையின் சூடு வேறு, மண்ணின் சூடு வேறு என்பதையும் கவனியுங்கள். ஈரக் கலவை ஆவியாகும் நீரால் குளிர்ந்து, அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். அறை 22 டிகிரி என்று நிம்மதியாக இருப்பவரின் தட்டு 19 டிகிரியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

குளிர்ப் பகுதியில் நாற்றுகளுக்கென்று விற்கப்படும் வெப்ப விரிப்பு மிகவும் பயன்படும். அது இல்லாவிட்டால் வீட்டில் எப்போதும் சூடாக இருக்கும் ஓர் இடத்தைத் தேடுங்கள்; குளிர்பதனப் பெட்டியின் மேற்புறமோ இணையச் சாதனத்தின் பக்கமோ பலருக்குக் கைகொடுக்கிறது. முளைக்க வெளிச்சம் தேவையில்லை என்பதால் எந்த இருட்டு மூலையானாலும் சரி. தட்டைக் கண்ணாடி அல்லது பாலித்தீன் உறையால் மூடி ஈரம் காயாமல் பாருங்கள். ஆனால் நேரடி வெயிலில் மூடி வைத்தால் உள்ளே விதை வெந்துவிடும்.

விதை குறைவாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஈரமான மெல்லிய காகிதத்தில் விதைகளைப் பரப்பி மடித்து, காற்று புகாத உறைக்குள் வைத்துச் சூடான இடத்தில் விடுங்கள். வெள்ளை வேர் நுனி அரை சென்டிமீட்டர் நீண்டதும் ஒவ்வொன்றாக எடுத்து, வேர் கீழ்நோக்கி இருக்கும்படி மண்ணில் வையுங்கள். வேரைத் தொடாமல் விதையைப் பிடித்தே தூக்க வேண்டும். நிறைய விதை இருப்பவர்களுக்கு இந்த வேலை தேவையற்றது.

எட்டு நாள் ஆகிவிட்டது, ஒன்றும் வரவில்லை என்று மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்று வாரம் வரை விரலை அடக்கிக்கொள்ளுங்கள்.

முளைத்த முதல் மூன்று வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படித்தால் போதும். அதிகமான நாற்றுகள் சாவது இங்கேதான்.

பாதிக்கு மேல் முளை தெரிந்ததும் மூடியை அகற்றுங்கள், வெப்ப விரிப்பை நிறுத்துங்கள், உடனே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டும். முளைக்கும்வரை தேவைப்பட்ட அந்தச் சூடு, முளைத்த பிறகு நாற்றை வெளிறிய நூலாக இழுத்துவிடும். இப்போது பகலில் 21 முதல் 24 டிகிரியும், இரவில் 16 முதல் 18 டிகிரியும் நல்லது.

சன்னலோர வெளிச்சம் நமக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் நாற்றுக்குப் பெரும்பாலும் போதாது. தண்டு நீண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்தால் அதற்குப் பொருள் அதுதான். சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கு போதும். இலைக்கு மேல் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவில் அணைத்துவிடுங்கள். விலையுயர்ந்த ஊதா நிற விளக்கு தேவையில்லை. அதன் கீழே இலையின் உண்மையான நிறமும் தெரியாது, நோயும் தெரியாது. வெப்பப் பகுதியில் வெளியிலேயே நாற்றுவிடுபவர்கள் காலை வெயில் படும், நண்பகலில் நிழல்வலையின் கீழ் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த எதிரி நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் தண்டு கறுத்து, மெலிந்து, சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழிக் கிருமிகளின் வேலை இது. சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை, பிடுங்கி எறியுங்கள். மற்றவற்றைக் காப்பாற்ற மேல்மண் லேசாக உலரட்டும், பிறகு தட்டின் அடியில் நீர் வைத்து மண் உறிஞ்ச விடுங்கள், கால் மணி நேரத்தில் மிச்ச நீரைக் கொட்டிவிடுங்கள். சின்ன மின்விசிறி ஒன்றை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் காற்றும் நடமாடும், தண்டும் உறுதிப்படும்.

சில முளைகள் விதையோட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரும். பிய்த்தெடுத்தால் விதையிலைகளும் (முதலில் விரியும் சோடி இலைகள்) கூடவே வந்துவிடும். நீர்த்துளி வைத்து ஊறவிட்டு ஒருநாள் பொறுங்கள்; பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

ஒரு குழியில் இரண்டும் முளைத்தால், வலுக்குறைந்ததைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். வெட்ட மனம் வராதவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு இருவரையும் பட்டினி போடுகிறார்கள்.

பெரிய கிண்ணத்துக்கு மாற்றுதல்

விதையிலைகளுக்கு மேல் வழக்கமான இலைகள் இரண்டு சோடி வந்ததும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். தக்காளி நாற்றைக் கழுத்துவரை புதைத்துப் பழகியவர்கள் இங்கேயும் அதைச் செய்வார்கள். தக்காளித் தண்டு முழுவதும் வேர்விடும்; குடைமிளகாய் அந்த அளவுக்கு விடாது. முன்பிருந்த ஆழத்திலோ, மிஞ்சிப்போனால் விதையிலைக்குச் சற்றுக் கீழே வரையிலோ மண் இருந்தால் போதும்.

இந்தக் கட்டத்திலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை திரவ உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்துக் கொடுங்கள். கணுக்களில் ஊதா அல்லது கறுப்புக் கறை தெரிந்தால் பதற வேண்டாம்; பல வகைகளுக்கு அது இயல்பான நிறமி.

வெயிலுக்குப் பழக்குதல்

விளக்கின் கீழ் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் வைத்தால் ஒரே பிற்பகலில் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும். முதல் இரண்டு நாள் ஒரு மணி நேரம் நிழலில். பிறகு காலை வெயிலில் ஒரு மணி நேரம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். பலத்த காற்றடிக்கும் நாளில் உள்ளேயே இருக்கட்டும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படியே. சில்லென்ற மண்ணில் அவசரப்பட்டு நட்ட நாற்று வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். இரண்டு வாரம் தாமதமாக நட்டது அதைத் தாண்டிப் போய்விடும்.

நிலத்திலும் தொட்டியிலும் நடவு

நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர வெயில் படும், நீர் தேங்காத இடம் வேண்டும். மண்ணின் பி.எச். அளவு (அமில, காரத் தன்மையின் அளவு) 6.0 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகியவை ஒரே குடும்பம் என்பதால், கடந்த மூன்று ஆண்டுகளில் இவை எதுவும் வளராத பாத்தியாக இருந்தால் மண்வழி நோய் குறையும். செடிக்குச் செடி 40 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர். நன்றாக மக்கிய தொழுவுரத்தையோ மக்கு உரத்தையோ குழிக்கு இரண்டு கைப்பிடி கலந்து, மாலை நேரத்தில் நடுங்கள்.

தொட்டியானால் செடிக்குப் பத்து லிட்டர் குறைந்தபட்சம், பதினைந்து லிட்டர் நிம்மதி. கறுப்புத் தொட்டி வெப்பப் பகுதியில் வேரைச் சுடும். வெளிர் நிறமே நல்லது. நடும்போதே ஒரு குச்சியை ஊன்றிவிடுங்கள். இந்தச் செடியின் கிளைகள் முறுக்கென்று ஒடியக்கூடியவை, காய்ப்பாரம் ஏறிய பிறகு குச்சி ஊன்றினால் வேர்தான் குத்துப்படும்.

நட்ட பிறகு மூடாக்கு போடுங்கள். உலர்ந்த இலை, வைக்கோல், எதுவானாலும் ஐந்து சென்டிமீட்டர் கனம். குளிர்ப் பகுதியில் மண் நன்றாகச் சூடேறிய பிறகே போட வேண்டும்; இல்லையென்றால் அது குளிரையும் சேர்த்துப் பூட்டிவைக்கும்.

நீரும் உரமும்

நீர் ஊற்றுவதில் அளவைவிட ஒழுங்கு முக்கியம். விரலை மண்ணுக்குள் மூன்று சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள். அங்கே உலர்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், ஈரமிருந்தால் நாளைக்குப் பார்க்கலாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறிவதும் சில நாளில் கைக்குப் பழகிவிடும். உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பூவாளியை எடுக்காதீர்கள். மண் ஈரமாகவே இருந்தால் மாலையில் தானே நிமிரும். மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே இலை தொங்கினால் வேர் அழுகலைச் சந்தேகியுங்கள்.

உரத்தில் மிகுதியே பெரிய தவறு. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் செடி கரும்பச்சையாக, புதர்போல, பார்க்கப் பெருமையாக நிற்கும். பூ மட்டும் வராது. நட்ட பிறகு முதல் ஒரு மாதம் மண்ணில் கலந்த உரமே போதும். பூக்கத் தொடங்கியதும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த திரவ உரத்தைப் பாதி அளவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தொட்டிச் செடிக்கு நீரோடு சத்தும் வழிந்து போவதால் இது தவறக் கூடாது.

முதல் பூவைக் கிள்ள வேண்டுமா

குடைமிளகாய்ச் செடி ஒற்றைத் தண்டாக எட்டு முதல் பன்னிரண்டு இலை வரை வளர்ந்து, பிறகு இரண்டாகக் கவைபிரியும். அந்தக் கவையின் நடுவில் முதல் பூ உட்கார்ந்திருக்கும். செடி முழங்கால் உயரம்கூட இல்லாதபோது அந்தப் பூ காயானால், சத்து முழுவதும் அதற்கே போய் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே அந்த முதல் பூவையும், நட்ட முதல் இரண்டு மூன்று வாரத்தில் வரும் மற்ற பூக்களையும் கிள்ளிவிடுங்கள். கவைக்குக் கீழே முளைக்கும் பக்கக்கிளைகளையும், மண்ணைத் தொடும் இலைகளையும் அகற்றினால் காற்றோட்டம் கிடைக்கும்.

நாற்றின் நுனியையே கிள்ளிப் புதராக்கும் முறை ஒன்றும் பரவலாக இருக்கிறது. சிறிய வகைகள் தாமாகவே நன்றாகக் கிளைக்கும். நுனியைக் கிள்ளினால் முதல் அறுவடை இரண்டு வாரமாவது தள்ளிப்போகும். வளரும் பருவம் குறுகிய இடங்களில் அதைச் செய்ய வேண்டாம். நீண்ட பருவமுள்ளவர்கள் ஒரு செடியில் செய்து, இன்னொன்றைச் சும்மா விட்டு, தாங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பூ ஏன் உதிர்கிறது

குடைமிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். வெளியில் காற்றும் தேனீயும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ இருந்தால் காலை பத்து மணி வாக்கில் கிளையை லேசாகத் தட்டுங்கள்.

அப்படியும் பூ காம்போடு மஞ்சளித்து உதிர்ந்தால், முதலில் இரவு வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். இரவு 15 முதல் 21 டிகிரி இருக்கும்போது காய்ப்பிடிப்பு சிறப்பாக இருக்கும். 24 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வலுவிழக்கிறது. 13 டிகிரிக்குக் கீழே போனால் ஒன்று பூ உதிரும், இல்லையேல் விதையே இல்லாத, தட்டையான, பொத்தான் போன்ற காய் வரும். அந்தக் காய் பெருக்காது, பறித்துவிடுங்கள். வெப்பநிலை சரியாக இருந்தும் உதிர்ந்தால் வேர் காய்ந்ததா, தழைச்சத்து மிகுந்ததா, வெயில் போதவில்லையா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

வெப்ப அலையின்போது செய்யக்கூடியது குறைவு. பிற்பகலில் 35 சதவீத நிழல்வலை, தவறாத நீர், கனமான மூடாக்கு. உரத்தை நிறுத்துங்கள். சூடு தணிந்ததும் செடி மறுபடி பூக்கும். அதுவரை அதைச் சாகாமல் வைத்திருப்பதே வேலை.

இலையும் காயும் சொல்லும் குறைகள்

இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகுபோல் ஆனால் இலைப்பேன் (த்ரிப்ஸ்). இலையைப் புரட்டினால் மயிரிழை அளவு பூச்சி ஓடுவதும், வெள்ளிநிறக் கீறல்களும் தெரியும். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, புதிய இலைகள் குறுகித் தடித்து, அடிப்புறம் பழுப்பு மின்னினால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் (மைட்) வகை. கொழுந்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பை விடுவது அசுவினி. இதை நீரைப் பீய்ச்சியே பாதி விரட்டிவிடலாம்.

ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயையும் சில துளி திரவச் சோப்பையும் கலக்கி, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும். சிலந்திப்பேனுக்கு இது பல சமயம் போதாது. நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பயன்படுத்தலாம். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும், 32 டிகிரிக்கு மேற்பட்ட நாளிலும் கந்தகம் கூடாது.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகப் படர்ந்து, செடி குட்டையாகிச் சுருங்கினால் வைரஸ் நோய். அதற்கு மருந்தே இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். புகையிலை மொசைக் வைரஸ் சிகரெட்டிலிருந்தும் கை வழியாகப் பரவக்கூடியது. புகைப்பவர்கள் செடியைத் தொடும்முன் சோப்பால் கை கழுவ வேண்டும்.

காயின் அடிப்பகுதியிலோ அதை ஒட்டிய பக்கத்திலோ நீர்க்கசிவுபோல் தொடங்கி, பழுப்பாகிக் குழிந்தால் அது நுனி அழுகல். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராததே காரணம். மண்ணில் சத்து இருந்தும் இது வரும். நீரோடு சேர்ந்து மட்டுமே அது மேலேறும் என்பதால், ஒருநாள் காய்ந்து மறுநாள் மூழ்கும் செடியில் பயணம் தடைபடுகிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் வைத்தியம் இணையமெங்கும் இருக்கிறது. அது மக்கிச் சத்தாக மாறுவதற்குள் பருவம் முடிந்துவிடும். நீர் ஊற்றுவதை ஒழுங்காக்குங்கள், அடுத்த காய்கள் சரியாகிவிடும். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளிறிக் காகிதம்போல் ஆனால் அது வெயில்காயம். இலைகளை அதிகம் கழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

பறித்தல்

நட்டதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பச்சைக் காய்கள் முழு அளவை எட்டும். நிறம் மாற மேலும் இரண்டு முதல் நான்கு வாரம். பச்சையாகவே பறித்தால் செடி இன்னும் காய்க்கும் என்பது உண்மை. ஆனால் இந்தச் சிறு வகைகளின் இனிப்பு நிறம் மாறிய பிறகுதான் வருகிறது. வைட்டமின் சி அளவும் அப்போதே உச்சத்தில் இருக்கும். அந்த வைட்டமினைப் பேரளவில் பிரித்தெடுக்க அறிவியலாளர் ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜிக்குக் கைகொடுத்தது ஹங்கேரியின் செகெட் நகரத்து மிளகாய்ப் பழம்தான். 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் வரும் நாலைந்து காய்களைப் பச்சையாகவே எடுத்துவிட்டு, அதன் பிறகு வருபவற்றைப் பழுக்க விடுவது நல்ல சமரசம். எப்போதும் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். இழுத்தால் காயோடு கிளையும் வரும். பாதி நிறம் மாறிய காய் பறித்த பிறகும் அறைச் சூட்டில் ஓரளவு பழுக்கும், முழுப் பச்சை பழுக்காது. பறித்ததை 7 முதல் 10 டிகிரியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். குளிர்பதனப் பெட்டியின் குளிர்ந்த மேல்தட்டில் வைத்தால் தோலில் குழி விழும். கீழே உள்ள காய்கறி அறையே சரியான இடம்.

விதை சேமித்தலும் செடியைத் தக்கவைத்தலும்

பக்கத்தில் காரமிளகாய் வளர்ந்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. இந்த ஆண்டுக் காய்க்கு அது நடக்காது. காயின் சதையும், விதைகள் ஒட்டியிருக்கும், காரம் சுரக்கும் உட்தண்டும் தாய்ச்செடியின் திசுக்கள். மகரந்தம் யாருடையதாக இருந்தாலும் அவை மாறா. ஆனால் உள்ளே இருக்கும் விதை கலந்துவிடும். கார மரபணு ஓங்கு மரபணு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) என்பதால், அந்த விதையிலிருந்து வரும் செடி காரமாகக் காய்க்கும்.

ஆகவே விதைக்கென்று தேர்ந்த கிளையில், பூ மலர்வதற்கு முன்பே மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டி, தினமும் லேசாகத் தட்டுங்கள். காய் பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காய் முழுமையாகப் பழுத்து, தோல் லேசாகச் சுருங்கும்வரை செடியிலேயே இருக்கட்டும். தக்காளி விதையைப்போல் புளிக்க வைக்க வேண்டியதில்லை. சுரண்டி எடுத்துத் தட்டில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு வாரம் உலர்த்துங்கள். மடக்கினால் வளையாமல் ஒடிந்தால் விதை காய்ந்துவிட்டது. காற்றுப்புகாத புட்டியில், வகையின் பெயரும் ஆண்டும் எழுதி, குளிர்ந்த இருட்டில் வையுங்கள். பாக்டீரிய இலைப்புள்ளி நோய் கண்ட தோட்டத்து விதையைச் சேமிக்காமல் விடுவதே நல்லது.

செடியை உடனே பிடுங்கவும் அவசரப்படாதீர்கள். உறைபனி படாத இடத்தில் இது பல்லாண்டுச் செடி. காய்ப்பு ஓய்ந்ததும் முதல் கவைக்கு மேல் ஒரு சாண் மட்டும் விட்டு வெட்டி, மேல்மண்ணை மாற்றி, புதிய மக்கு உரம் போட்டால் வெப்பப் பகுதியில் மறுபடி துளிர்க்கும். குளிர்ப் பகுதியில் இரவு 10 டிகிரியை நெருங்கும் முன்பே அப்படி வெட்டிய செடியைத் தொட்டியோடு உள்ளே கொண்டுவந்து, அசுவினி ஒட்டியிருக்கிறதா என்று கழுவிப் பார்த்து, 12 முதல் 15 டிகிரி உள்ள வெளிச்சமான இடத்தில், மண் ஏறக்குறைய உலர்ந்த பிறகே நீர் கொடுத்து வைத்திருங்கள். அடுத்த பருவத்தில் அது புதிய நாற்றைவிடப் பல வாரம் முன்னதாகவே பூத்துவிடும்.